பழுதடைந்த மின்மோட்டருக்கு ஈடான மோட்டரைத் தெரிந்தெடுத்தல்
(சட்டக அளவுகள் பற்றிய விளக்கம்)

தொண்டைமானாற்றிலும் அதனை அடுத்த இடைக்காடு, வளலாய், உடுப்பிட்டி முதலிய ஊர்களிலும் தை மாதம் கழிந்தபின் தோட்டப்பயிரின் உயிர் கிணற்று நீரிலேயே தங்கியுள்ளது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே குடாநாட்டின் பெருமழை. பங்குனி, சித்திரையிற் பெய்யும் சிறுமழையை நம்பி வெங்காயம் நட்டவர் எவருமிலர். குமிழ் திரளும் பருவத்து வெங்காயத்துக்கும், பூக்கும் பருவத்து மிளகாய்க்கும், கத்தரிக்கும் சில நாளுக்கொருமுறை நீர் பாய்ந்தே ஆகவேண்டும். நெல்லோ மழையை நம்பிய பயிர். எனினும் கதிர் தள்ளுங் காலத்தில் மழை பொய்க்குமாயின், வயலோரத் துரவிலிருந்தும் கேணியிலிருந்தும் இறைத்து விளைச்சலைக் காப்பாற்றிக் கொள்ளும் கமக்காரர் பலர் உளர்.

இத்தகைய வேளையில் மோட்டர் எரிந்துபோதல் பெருங்கேடாகும். கமக்காரர் உடனே கடைக்குச் செல்கிறார். “இரண்டு பரிவலு மோட்டர் ஒன்று தாருங்கள்” என்று கேட்கிறார். கடைக்காரரும் இரண்டு பரிவலு மோட்டரையே கொடுக்கிறார். இருவரும் தவறேதும் செய்யவில்லை. ஆயினும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பழைய இருக்கையில் வைத்துப் பார்க்கும்போது மரையாணித் துளைகள் ஒத்துவருவதில்லை. அல்லது சுழல்தண்டு பம்பியின் தண்டிலும் அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. அல்லது பழைய கப்ளிங் புதிய தண்டிற் புகமறுக்கிறது. பின்னர் துளையை அராவி அகலித்தல், பலகைத் துண்டை அண்டை கொடுத்தல், கப்ளிங்கைக் கடைசற் பட்டறைக்கு அனுப்புதல் என்று நாட்கள் கழிகின்றன. பயிர் அத்தனை நாளும் காத்திருக்க மாட்டாது.

இவ்விடர் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. மோட்டரின் பரிவலுவைக் கேட்பது போலவே அதன் சட்டக எண்ணையும் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடையே வரவேண்டும். சந்தையில் இதனை ‘பிறேம் சைஸ்’ என்பர்.

நம்மவர் துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இத்தகைய கேள்வி எழவில்லை. துலா முறிந்தால் வேறொரு மரத்தைச் செதுக்கிக் கொள்ளலாம். 1950களில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களுக்குள் வந்தன. மின்சாரம் எட்டிய இடங்களிற் பின்னர் மின்மோட்டர்களும் வந்தன. 1990இன் பின் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்வழங்கல் அற்றிருந்தமையால் அக்காலத்து மோட்டர்கள் பல கொட்டில்களிற் கிடந்து துருவேறின. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதும் மின்மோட்டரின் பயனைப் பலர் மீண்டும் எண்ணிப்பார்க்கலாயினர். ஆகவே இன்று ஒரே ஊரிற் பழைய அங்குல அளவு மோட்டரும், இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்த புதிய மோட்டரும், யப்பானிலிருந்து வந்த பாவித்த மோட்டரும் அடுத்தடுத்த தோட்டங்களில் ஓடக் காணலாம். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டக எண் என்பது யாது?

முற்காலத்தில் ஒவ்வொரு மோட்டர்த் தொழிற்சாலையும் தன் விருப்பம்போல் மோட்டரின் உயரத்தையும் காலின் அகலத்தையும் அமைத்துக்கொண்டது. ஒரு தொழிற்சாலையின் மோட்டர் பழுதானால் அதே தொழிற்சாலையிடமே மீண்டும் போதல் வேண்டும். இந்நிலையை மாற்றுதற்குப் பற்பல நாடுகளும் பொது அளவுகளை வகுத்தன. 1906இல் இலண்டனில் தோன்றி, இப்போது செனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள சர்வதேச மின்னுட்ப ஆணைக்குழு வகுத்த அளவுகள் உலகின் பெரும்பகுதியில் வழங்குகின்றன. இதனை ஐ.ஈ.சி. அளவு என்பர். இந்திய நியமமாகிய ஐ.எஸ். 1231 என்பதும் கால் வைத்த மோட்டர்களுக்கு இவ்வளவுகளையே தழுவியது.

இம்முறையில் சட்டக எண்ணின் பொருள் மிக எளிது. மோட்டரைச் சமதளத்தில் வைத்தால், அதன் காலின் அடியிலிருந்து சுழல்தண்டின் நடுமையம் வரையுள்ள உயரம் எத்தனை மில்லிமீற்றரோ, அதுவே சட்டக எண். 90 என்று பொறித்திருந்தால் மைய உயரம் 90 மில்லிமீற்றர். 112 என்று பொறித்திருந்தால் 112 மில்லிமீற்றர். கணக்கு வேறொன்றுமில்லை.

எண்ணைத் தொடர்ந்து எஸ், எம், எல் என்னும் எழுத்துக்களில் ஒன்று வரலாம். அவை முறையே குறுகிய உடல், நடுத்தர உடல், நீண்ட உடல் என்பவற்றைக் குறிக்கும். உயரம் ஒன்றாயிருக்க, காலின் முன்துளைக்கும் பின்துளைக்கும் இடையேயுள்ள தூரம் மட்டும் இவ்வெழுத்தால் மாறும். 90 எஸ் மோட்டருக்கு அத்தூரம் 100 மில்லிமீற்றர், 90 எல் மோட்டருக்கு 125 மில்லிமீற்றர். எழுத்தைக் கவனியாது 90 என்ற எண்ணை மட்டும் சொல்லி வாங்கியவர் முன்னிரு ஆணிகளைப் பூட்டிவிட்டுப் பின்னிரண்டுக்கும் துளை தேடி நிற்க நேரிடும்.

நம் தோட்டங்களிற் பெரும்பாலும் காணப்படும் சட்டகங்களின் அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. எல்லாம் மில்லிமீற்றரில் உள்ளன. ‘குறுக்கு’ என்பது இடப்பக்கத் துளைக்கும் வலப்பக்கத் துளைக்கும் இடையிலான தூரம். ‘நெடுக்கு’ என்பது தண்டின் போக்கில் முன்துளைக்கும் பின்துளைக்கும் இடையிலான தூரம். ‘தோள்’ என்பது தண்டு பருத்து உடலோடு சேரும் படியிலிருந்து முதற்றுளை வரையுள்ள தூரம்.

சட்டகம் 71: குறுக்கு 112, நெடுக்கு 90, தோள் 45, தண்டின் விட்டம் 14
சட்டகம் 80: குறுக்கு 125, நெடுக்கு 100, தோள் 50, தண்டின் விட்டம் 19
சட்டகம் 90 எஸ்: குறுக்கு 140, நெடுக்கு 100, தோள் 56, தண்டின் விட்டம் 24
சட்டகம் 90 எல்: குறுக்கு 140, நெடுக்கு 125, தோள் 56, தண்டின் விட்டம் 24
சட்டகம் 100 எல்: குறுக்கு 160, நெடுக்கு 140, தோள் 63, தண்டின் விட்டம் 28
சட்டகம் 112 எம்: குறுக்கு 190, நெடுக்கு 140, தோள் 70, தண்டின் விட்டம் 28
சட்டகம் 132 எஸ்: குறுக்கு 216, நெடுக்கு 140, தோள் 89, தண்டின் விட்டம் 38

100 சட்டகத்துக்கும் 112 சட்டகத்துக்கும் தண்டின் விட்டம் ஒன்றே என்பதை இங்கு காண்க. ஆதலால் தண்டை மட்டும் அளந்து சட்டகத்தைத் தீர்மானித்தல் ஆகாது. கடைக்குக் கப்ளிங்கை மட்டும் கையில் எடுத்துச் செல்வோர் பலர். அது பாதி வேலையே.

பழைய மோட்டரை அளக்கும் முறை

மோட்டரிற் கைவைக்குமுன் மின்னிணைப்பைப் பிரதான ஆளியிலேயே துண்டித்துவிடுக. பின்பு பெயர்த்தகட்டைத் துடைத்து வாசிக்க. சட்டக எண், கிலோவாற்று அல்லது பரிவலு, நிமிடத்துக்குரிய சுற்று, வோல்ற்று, அவத்தை ஆகியன அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். உப்புக்காற்றுப் படும் ஊராதலால் இவ்விடத்துப் பெயர்த்தகடுகள் பல வாசிக்க முடியாதபடி அரிக்கப்பட்டிருக்கும். வர்ணம் பூசும்போது தகட்டையுஞ் சேர்த்துப் பூசிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அந்நிலையில் அளந்தே அறிதல் வேண்டும்.

மோட்டரைக் கழற்றி, நேரான சீமெந்துத் தளத்திலோ தடித்த கண்ணாடியின் மேலோ வைக்க. தண்டின் நடுமையத்துக்கு நேராக அளவுகோலைப் பிடிப்பது கடினம். ஆகவே தளத்திலிருந்து தண்டின் மேல்விளிம்பு வரை அளந்துகொண்டு, தண்டின் விட்டத்திற் பாதியைக் கழித்துவிடுக. உதாரணமாக மேல்விளிம்பு 102 மில்லிமீற்றரும் தண்டின் விட்டம் 24 மில்லிமீற்றரும் ஆயின், 102இல் 12 கழிய 90 வரும். அது 90 சட்டகம். அதன்பின் நெடுக்குத் துளைத்தூரத்தை அளந்து, 100 ஆயின் எஸ் என்றும் 125 ஆயின் எல் என்றும் கொள்க. துளையின் விளிம்பிலிருந்து அடுத்த துளையின் அதே பக்க விளிம்பு வரை அளந்தால் நடுமையத் தூரம் பிழையின்றி வரும்.

தண்டின் விட்டத்தைத் தையற்காரரின் நாடாவால் அளக்க வேண்டாம். கடைசற் பட்டறையில் வேணியர் இடுக்கியால் அளந்து தரச்சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தண்டின் தவாளிப்பில் அமரும் சாவியின் அகலத்தையும் உடன் குறித்துக்கொள்க. 24 மில்லிமீற்றர்த் தண்டுக்கும் 28 மில்லிமீற்றர்த் தண்டுக்கும் சாவியின் அகலம் 8 மில்லிமீற்றர்; 19 மில்லிமீற்றர்த் தண்டுக்கு 6.

தோள் அளவைப் பலரும் விட்டுவிடுகின்றனர். நான்கு துளைகளும் ஒத்து, உயரமும் ஒத்து, தோள் அளவு மட்டும் வேறாயின், மோட்டரின் தண்டு பம்பியின் தண்டோடு மோதும், அல்லது எட்டாது நிற்கும். வார்ப்பட்டியால் ஓட்டும் பம்பியாயின் கப்பியைச் சிறிது நகர்த்திச் சமாளித்துக்கொள்ளலாம். நேரிணைப்பில் அவ்வாறு செய்தல் இயலாது.

பழைய மோட்டரின் சட்டகமே கிடைக்காவிடின் என் செய்வது? சிறிய சட்டகத்தைப் பெரிதின் இடத்தில் வைத்தல் கூடும். பெரியதைச் சிறிதின் இடத்தில் வைத்தல் மிக வில்லங்கம். 100 இருந்த இடத்தில் 90 வரின், 10 மில்லிமீற்றர் தடித்த இரும்புத் தகடொன்றைத் துளையிட்டுக் கீழே வைத்தால் உயரம் சரியாகிவிடும். 90 இருந்த இடத்தில் 100 வரின், மோட்டரைத் தாழ்த்த வழியில்லை. பம்பியையும் அதனோடு பூட்டிய உறிஞ்சுகுழாயையும் வெளியேற்றுகுழாயையும் உயர்த்தவேண்டிவரும். மைய உயரம் குறித்த அளவிலும் அரை மில்லிமீற்றர் வரை குறையலாம், ஆனால் கூடலாகாது என்று நியமம் விதித்திருப்பதும் இதுபற்றியே. குறைவை மெல்லிய தகட்டால் நிரப்பலாம் அல்லவா? அண்டை கொடுப்பது இரும்பு அல்லது பித்தளைத் தகடாயிருத்தல் வேண்டும். பலகையும் இறப்பர்த் துண்டும் ஒரு மாதத்தில் நசுங்கி மோட்டரைச் சாய்த்துவிடும்.

அங்குல அளவு மோட்டர்கள்

பழைய பிரித்தானிய மோட்டர்கள் அங்குல அளவில் அமைந்தவை. பிரித்தானியா 1960களில் மில்லிமீற்றர் முறைக்கு மாறத் தொடங்கிற்று. அதற்கு முந்திய மோட்டர் ஒன்று இன்னும் உங்கள் கிணற்றடியில் ஓடுமாயின் அதன் இருக்கையும் அங்குலக் கணக்கிலேயே துளையிடப்பட்டிருக்கும். இத்தகைய மோட்டரின் உடலும் தண்டும் நல்ல நிலையிலிருந்தால், எரிந்த சுருளை நீக்கிப் புதிதாய்ச் சுற்றுவித்தலே சிறந்தது என்பது எமது எண்ணம். இருக்கை, கப்ளிங், பம்பி ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. வேலை முடியும்வரை அயலவரின் இயந்திரத்தை இரண்டு தடவை இரவல் கேட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்க மோட்டர்களில் வேறொரு பொறி உண்டு. அந்நாட்டில் நேமா என்னும் உற்பத்தியாளர் சங்கம் 1926இல் அமைந்தது. அதன் முறையிற் சட்டக எண் மில்லிமீற்றரைக் குறிப்பதன்று. இரண்டிலக்க எண்ணை 16ஆல் வகுத்தால் மைய உயரம் அங்குலத்தில் வரும். 56 என்று பொறித்த அமெரிக்க மோட்டரின் மைய உயரம் மூன்றரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 89 மில்லிமீற்றர். ஐ.ஈ.சி. முறையில் 56 என்பதோ வெறும் 56 மில்லிமீற்றர் உயரமுள்ள சிறு மோட்டர். எண் ஒன்று, பொருள் இரண்டு. ‘56 சட்டகம்’ என்று மட்டும் தொலைபேசியிற் சொல்லி மோட்டர் வரவழைத்தவருக்கு எது வந்துசேரும் என்பதை ஊகித்துக்கொள்க.

மூன்றிலக்க எண்ணாயின் முதலிரண்டு இலக்கங்களை 4ஆல் வகுக்கவேண்டும். 145 என்பதில் 14ஐ 4ஆல் வகுக்க மூன்றரை அங்குலம் வருகிறது. எண்ணின் பின் ‘ரி’ என்னும் எழுத்து நின்றால் அது 1964இன் பின் வந்த அளவாகும். 145 ரி மோட்டரின் குறுக்குத் துளைத்தூரம் ஐந்தரை அங்குலம், நெடுக்கு ஐந்து அங்குலம். இவை 90 எல் சட்டகத்தின் 140, 125 மில்லிமீற்றருக்கு மிக அண்மையானவை. ஆகவே ஒன்றின் இருக்கையில் மற்றொன்று சிறு தகட்டின் உதவியோடு அமர்ந்துவிடும். தண்டுதான் பொருந்தாது. அமெரிக்கத் தண்டு 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீற்றர். 24 மில்லிமீற்றர்த் துளையுள்ள கப்ளிங்கை அதில் மாட்டினால் தளதளவென்று ஆடும். இந்த இடைவெளியைத் தகரத் துண்டு சுற்றி நிரப்புகிறவர்கள் சாவியையும் தவாளிப்பையும் சில வாரத்திற் கெடுத்துவிடுகிறார்கள். புதிய கப்ளிங் பாதி ஒன்றை வாங்கித் தண்டின் அளவுக்குத் துளையிடுவித்தல் செலவானாலும் நிலைக்கும்.

சட்டக எண் சொல்லாத செய்திகள்

சட்டகம் பொருந்திவிட்டது என்பதனாலேயே மோட்டர் பொருந்திவிட்டதென்று கொள்ளலாகாது. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இருக்கையில் ஒழுங்காக அமர்ந்த மோட்டரை எவரும் ஐயுறுவதில்லை.

முதலாவது சுழலும் வேகம். எமது மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் இருமுனைவு மோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும், நான்முனைவு மோட்டர் 1500க்குச் சற்றுக் குறைவாகவும் சுழலும். பெயர்த்தகட்டில் 2850, 1420 என்பன போன்ற எண்களாக இவை காணப்படும். வழமையான ஒதுக்கீட்டின்படி நான்முனைவு மோட்டர் 90 எல் சட்டகத்தில் 1.5 கிலோவாற்று, அதாவது இரண்டு பரிவலு தரும். அதே 90 எல் சட்டகத்தில் இருமுனைவு மோட்டர் 2.2 கிலோவாற்று, அதாவது மூன்று பரிவலு தரும். துளையும் உயரமும் தண்டும் இரண்டுக்கும் அணுவளவும் வேறுபடா. வெளித்தோற்றத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. மறுதலையாக, இரண்டு பரிவலு என்று கேட்டவருக்கு இருமுனைவு மோட்டர் கிடைத்தால் அது 90 எஸ் சட்டகத்தில் வரும். முதலிற் கூறிய கமக்காரருக்குத் துளை ஒவ்வாமற் போனமைக்கு இதுவே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

1440 சுற்றில் ஓடுதற்கு அமைந்த பம்பியை 2880 சுற்றில் நேராக ஓட்டினால் நிகழ்வது யாது? நீரின் அளவு இரட்டிக்க முனையும், நீர் ஏறும் அழுத்தம் நான்கு மடங்காக முனையும், மோட்டரிடம் கேட்கும் வலு எட்டு மடங்காக உயரும். இரண்டு பரிவலு வேண்டிய பம்பி பதினாறு கேட்கும். மோட்டர் எரியும், அல்லது பம்பியின் உட்சில்லு பிளக்கும். வார்ப்பட்டியால் ஓட்டும் பம்பியாயின் மோட்டரின் கப்பியைப் பாதி விட்டமாகக் குறைத்து வேகத்தைச் சமன்செய்யலாம். நான்கு அங்குலக் கப்பியிருந்த இடத்தில் இரண்டு அங்குலக் கப்பி. ஆனால் அத்துணைச் சிறிய கப்பியில் வார் வழுக்கும், விரைவில் தேயும். இயன்றவரை பழைய வேகத்தையே கேட்டு வாங்குதல் நன்று.

அடுத்தது அவத்தை. வீட்டுக்கு வரும் இணைப்பு பெரும்பாலும் தனியவத்தை 230 வோல்ற்று; மூவவத்தை இணைப்பாயின் 400 வோல்ற்று. மூவவத்தை மோட்டர் எளிய அமைப்புடையது, கப்பாசிற்றர் வேண்டாதது, விலையும் குறைவு. ஆனால் உங்கள் மின்மானிக்கு மூன்று உயிர்க்கம்பிகள் வராவிடின் அம்மோட்டர் உங்களுக்கு உதவாது. தனியவத்தை மோட்டர்களுக்கு மேற்கூறிய பரிவலு ஒதுக்கீடு பொருந்தும் என்று நிச்சயமாகக் கொள்ளலாகாது. ஒரு தொழிற்சாலை இரண்டு பரிவலுவை 90 எல் சட்டகத்தில் அடக்க, மற்றொன்று 100 சட்டகத்திற் செய்யும். அவற்றுக்கு எண்ணைக் கேட்பது இன்னும் அவசியம்.

பாவித்த யப்பானிய மோட்டர்களை வாங்குவோர் வோல்ற்றளவை இருமுறை பார்க்கவேண்டும். அந்நாட்டு வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று; மூவவத்தை இணைப்பு 200 வோல்ற்று. 200 வோல்ற்று மோட்டரை எமது 400 வோல்ற்றில் இணைத்தால் அது எரிந்து ஒழியும். மலிவு என்று வாங்கியது பழைய இரும்பு விலைக்குப் போகும். மூவவத்தை மோட்டரில் 230/400 என்று பொறித்திருந்தால் அதன் முனைகளை எமது வழங்கலுக்கு உடுவிணைப்பிற் பூட்டவேண்டும். 400/690 என்று பொறித்திருந்தால் முக்கோண இணைப்பு. இது மின்னிணைப்பாளரின் வேலை. ஆயினும் எந்த எண் பொறித்திருக்கிறதென்பதைக் கமக்காரரே அறிந்திருத்தல் வேண்டும்.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றுத் துளை திறந்த மோட்டரைத் தொண்டைமானாற்றுக் கரையிற் பூட்டுதல் சுருளைக் கடலுக்குக் காட்டிவைப்பதை ஒக்கும். முற்றும் மூடி, வெளிவிசிறியாற் குளிரூட்டப்படும் மோட்டரையே தெரிந்தெடுக்க. ஐ.பி. 55 என்ற குறி தூசியையும் தெறிக்கும் நீரையும் தடுக்கும் மூடலைக் குறிக்கும். அதற்கும் மேலே கூரை ஒன்று வேண்டும்.

பெரிய மோட்டர் வேண்டாம்

மாற்று மோட்டர் வாங்கும் சந்தர்ப்பத்தில், “எப்படியும் செலவு செய்கிறோம், ஒரு படி பெரிதாக வாங்கிவிடுவோம்” என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இருக்கை ஒவ்வாமை ஒருபுறமிருக்க, எமது மண்ணில் இதற்கு வேறொரு தடையும் உண்டு.

குடாநாட்டின் கீழே சுண்ணக்கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் மழைநீர் தேங்கி, கனத்த உப்புநீரின் மேலே வில்லை வடிவாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபுறமாக, இடைவிடாது இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், உப்புநீர் கீழிருந்து அதனிலும் பன்மடங்கு உயரத் தலைப்படும். கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் தொண்டைமானாற்றுத் தோட்டங்களில் இவ்வில்லை மெல்லியது. 1950களில் ஆற்றின் வாயில் அணை கட்டப்பட்டதும் உவர்நீர் உட்புகுதலைத் தடுத்து, களப்பை நன்னீராக்கும் நோக்கத்துடனேயே. ஆற்றுவழியே வரும் உப்பை அணை தடுக்கலாம். கிணற்றின் அடியிலிருந்து எழும் உப்பைத் தடுக்க அணை கிடையாது. துலாவால் இறைத்த காலத்தில் மனித வலுவே ஒரு வரம்பாக இருந்தது. மோட்டருக்கு அவ்வரம்பு இல்லை. அதனை வாங்குபவரே அதற்கு வரம்பு வைக்கவேண்டும்.

ஆதலால் பழைய மோட்டர் தோட்டத்துக்குப் போதிய நீர் தந்ததாயின், அதே கிலோவாற்று, அதே வேகம், அதே சட்டகம் என்று கேட்டு வாங்குக. பெரிய மோட்டர் பூட்டியதாற் பழைய பம்பி அதிக நீர் தந்துவிடாது. வேகம் மாறாதவரை நீரின் அளவும் மாறாது. மோட்டரின் விலையே கூடும். வேகமும் சேர்ந்து கூடிவிட்டாலோ கிணற்றுக்குத் தீங்கு.

சட்டக எண் உதவாத மோட்டர்கள்

பம்பியும் மோட்டரும் ஒரே உடலாய் வார்க்கப்பட்ட சிறு இயந்திரங்கள் இப்போது மிகப் பரவியுள்ளன. இவற்றிற் பம்பியின் சில்லு மோட்டரின் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். தண்டின் நீளமும் மரையும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும். காலின் துளைகள் சில சமயம் நியம அளவோடு ஒத்திருந்தாலும், வேறொரு மோட்டரை அதிற் பொருத்த முடியாது. சுருள் சுற்றுவித்தல், அல்லது முழு இயந்திரத்தையும் மாற்றுதல் என்ற இரண்டு வழிகளே உண்டு. குழாய்க்கிணற்றுள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டருக்கும் மேற்கூறிய எண்கள் இல்லை. அவை குழாயின் விட்டத்தைக் கொண்டு அளக்கப்படும்.

கால் இன்றி, முகப்பில் வட்டத் தட்டால் பூட்டப்படும் மோட்டர்களும் உள. இவற்றுக்கும் சட்டக எண் உண்டு. ஆனால் உயரத்துக்குப் பதிலாகத் தட்டின் விட்டத்தையும் துளைவட்டத்தையும் பார்த்து வாங்கவேண்டும். கால் வைத்தது பி3 என்றும், பெருந்தட்டு பி5 என்றும், சிறுதட்டு பி14 என்றும் பெயர்த்தகட்டில் அல்லது விலைப்பட்டியலிற் குறித்திருப்பர்.

பூட்டும்போது

இருக்கையைச் சுரண்டித் துருவும் பழைய வர்ணமும் நீக்கியபின் மோட்டரை வைக்க. நான்கு கால்களும் தாமாகவே தளத்தில் அமர்கின்றனவா என்று பார்த்தபின்னரே ஆணியை முறுக்குக. ஒரு கால் மிதந்து நிற்க, அதனை ஆணியால் இழுத்து அமர்த்தினால் உடல் முறுகிப் பெயறிங் சூடேறும். மிதக்கும் காலின் கீழே தகடு வைக்க. கப்ளிங்கின் இரு பாதிகளுக்கும் குறுக்கே நேரான கோல் ஒன்றை மேலேயும் பக்கத்திலும் வைத்து, எங்கும் வெளிச்சம் தெரியாதவாறு சரிசெய்க. கப்ளிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது பெரும்பிழை. அந்த அடி முழுவதும் புதிய பெயறிங்கில் இறங்கும். கொதிநீரிற் சிறிது நேரம் இட்டுச் சூடாக்கினால் கையாலேயே ஏறிவிடும்.

புவித்தொடுப்புக் கம்பியை மோட்டரின் உடலில் அதற்கென அமைந்த ஆணியிற் பூட்டுக. ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று வேலைசெய்யும் எமக்கு இதனிலும் முக்கியமானது வேறில்லை. மோட்டரின் மின்னோட்டத்துக்கு ஏற்ற மிகைச்சுமைத் தடுப்பும், 30 மில்லியம்பியரில் அறுக்கும் கசிவுமின் தடுப்பும் இணைப்பில் இருத்தல் வேண்டும். புதிய மோட்டரின் அம்பியர் அளவு பழையதிலும் வேறாயின் மிகைச்சுமைத் தடுப்பையும் அதற்கேற்பத் திருப்பி வைக்க.

பம்பியில் நீர் நிரப்பி, ஒரு கணம் மட்டும் ஓடவிட்டு, பம்பியின் மேலுள்ள அம்புக்குறியின் திசையிற் சுழல்கிறதா என்று பார்க்க. மூவவத்தை மோட்டர் எதிராகச் சுழன்றால் மூன்று உயிர்க்கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினாற் போதும். அரைமணி நேரம் ஓடியபின் உடலைப் புறங்கையாற் தொட்டுப் பார்க்க. சூடாயிருப்பது இயல்பு, புகை மணம் இயல்பன்று. ஒரு வாரம் கழித்து ஆணிகளை மறுபடி முறுக்கி, கிணற்றில் நீர் முன்னைய அளவிலேயே தாழ்கிறதா என்பதையும் கவனிக்க. முன்னையிலும் விரைவாகத் தாழ்ந்தால் வெளியேற்றுகுழாயின் வாயிலைச் சிறிது மூடி ஓட்டுக.

பெயர்த்தகட்டிலுள்ள சட்டக எண், கிலோவாற்று, சுற்று, வோல்ற்று ஆகிய நான்கையும் மோட்டர்க் கொட்டிலின் கதவின் உட்புறத்தில் வர்ணத்தால் எழுதிவிடுக. தகடு உப்புக்கு இரையான பின்னரும் கதவு அவற்றைக் காட்டும்.